விட்டு விட்டு வர்ற த்ராட்டில் கோளாறு: பழைய கார்ல அதை கையும் களவுமா பிடிக்கிறது எப்படி

நல்லா ஓடிட்டிருக்கிற வண்டி திடீர்னு இழுக்காது. ஆக்சிலரேட்டரை தரையோட தரையா மிதிச்சாலும் ஊர்ந்துதான் போகும், செக் என்ஜின் லைட் எரியும், பின்னாடி வர்ற வண்டியெல்லாம் ஹார்ன் அடிக்கும், நாம பதறிப்போய் ஓரங்கட்டி சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி பழையபடி சீறும். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் அதே கதை. மெக்கானிக்கிட்ட கொண்டு போனா அங்க ஒழுங்கா ஓடும், டாக்டர் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் பல்வலி காணாம போற மாதிரி. எலக்ட்ரானிக் த்ராட்டில் (என்ஜினுக்குள்ள போற காத்தை கூட்டிக் குறைக்கிற கதவு) இருக்கிற பத்து பதினஞ்சு வருஷ பழைய வண்டி வெச்சிருக்கிற நிறைய பேர் இந்த அவஸ்தைய பட்டிருப்பீங்க.

நானும் பட்டேன். என் வண்டியில ஸ்கேனரை மாட்டி பார்த்தா பி2135-னு ஒரு கோளாறு கோட் வந்துச்சு, த்ராட்டில் பொசிஷன் சென்சர் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலன்னு அர்த்தம், சரி அந்த சென்சர் த்ராட்டில் பாடிக்குள்ளதானே இருக்குன்னு பாடியவே புதுசா மாத்திட்டேன். மூணு வாரம் அருமையா ஓடுச்சு. நாலாவது வாரம் அதே கோட், ஊர்ந்து மட்டும் போற அதே லிம்ப் மோட். அப்புறம்தான் பொறுமையா உட்கார்ந்து முறையா பார்த்தேன், கடைசியில கோளாறு ஒரே ஒரு ஒயர்ல இருந்துச்சு. அதை கண்டுபிடிச்ச வழியத்தான் எழுதுறேன், கோட்ல வந்த பேரை பார்த்துட்டு பார்ட்டை வாங்கி மாட்டிராதீங்க, அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க தேடணும்னு புரியும். பழைய கேபிள் வண்டியில பெடலை மிதிச்சா கேபிள் இழுத்து த்ராட்டில் தகடு திறக்கும். இதுல கேபிளே கிடையாது. பெடல்ல ஒரு சென்சர், அதுக்குள்ள தனித்தனியா ரெண்டு சிக்னல். த்ராட்டில் பாடியில ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரம், ஸ்ப்ரிங், அப்புறம் தகடு எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ல அங்கயும் ரெண்டு சிக்னல். எதுக்கு எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்குன்னா, ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணை வெச்சு இசியு, அதாவது என்ஜினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், கண்டுபிடிச்சிரும். ரெண்டும் ஒத்துப்போகாத அந்த நொடியே இது யாரை நம்புறதுன்னு தெரியலன்னு முடிவு பண்ணி மோட்டாருக்கு போற கரண்டை கட் பண்ணிரும், ஸ்ப்ரிங் தகடை கொஞ்சூண்டு திறந்த நிலையில நிறுத்தும், வண்டி ஊர்ந்து ஓரமா போற அளவுக்கு மட்டும் என்ஜின் ஓடும். இதுதான் லிம்ப் மோட். வண்டி கெட்டுப்போச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, தானா வேகம் எடுத்து எங்கயாவது போய் இடிச்சிராம இருக்கறதுக்கான காவல் இது. அதனால இதை ஏமாத்துற வேலை எதுவும் செய்யாதீங்க, சிக்னல் ஒயரை ரெண்டையும் சேர்த்து முறுக்கி விடுறது, ரெசிஸ்டர் வெச்சு சமாளிக்கிறது எல்லாம் உயிரோட விளையாடுற வேலை.

நிறைய வண்டிகள்ல ஒரு தடவை லிம்ப் மோடுக்குள்ள போயிட்டா அந்த ஓட்டம் முடிஞ்சு சாவி ஆஃப் ஆகுற வரைக்கும் அதுல இருந்து வெளிய வராது. தப்பு நடந்தது கண் இமைக்கிற நேரம்தான், ஆனா தண்டனை சாவி ஆஃப் பண்ற வரைக்கும். ஆன் பண்ணும்போது இசியு புதுசா செக் பண்ணுது, அப்போ எல்லாம் சரியா இருக்கறதால வண்டி நல்லா ஓடுது. இதை மனசுல வெச்சுக்கங்க, ஏன்னா நீங்க ஓரங்கட்டி பானெட்டை திறக்கிற நேரத்துக்கு கோளாறு எப்பவோ போயிருக்கும், தடயம் மட்டும்தான் மிச்சம்.

அந்த தடயத்தை அழிக்காம இருக்கறதுதான் முதல் வேலை. ஸ்கேனரை மாட்டினதும் எல்லாரும் செய்யற தப்பு, கோடை பார்த்தோமா கிளியர் பண்ணினோமான்னு போயிடறது. கிளியர் பண்ணா கோடோட சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிரும். கோட் விழுந்த அந்த நொடியில ஆர்பிஎம் என்ன, வண்டி வேகம் என்ன, என்ஜின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு இசியு ஒரு போட்டோ மாதிரி எடுத்து வெச்சிருக்கும், அதுதான் ஃப்ரீஸ் ஃப்ரேம். போன்ல சேர்ற சின்ன ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர்லயே (வண்டியில இருக்கிற டயக்னாஸ்டிக் சாக்கெட்ல மாட்டுறது) இது வரும். எல்லா கோடையும், இன்னும் உறுதியாகாம நிக்கிற பெண்டிங் கோடையும் சேர்த்து, அப்படியே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. என் வண்டியோட ஃப்ரீஸ் ஃப்ரேம்ல வேகம் 9 கிலோமீட்டர், லோடு அதிகம், என்ஜின் நல்ல சூடு. அதாவது வண்டி நின்ன இடத்துல இருந்து கிளம்புற நேரம். இந்த ஒரு விஷயம்தான் பின்னாடி என்னை சரியான இடத்துக்கு கொண்டு போச்சு, பாடிய மாத்துறதுக்கு முன்னாடியே இதை கவனிச்சிருக்கணும்.

கோடுகளை பத்தி கொஞ்சம். பி2135 த்ராட்டில் பாடி சிக்னல் ரெண்டும் ஒத்துப்போகல. பி2138 பெடல் சிக்னல் ரெண்டும் ஒத்துப்போகல. பி0122, பி0123, பி0222, பி0223 எல்லாம் த்ராட்டில் சிக்னல் ஒண்ணு ரொம்ப கீழ போச்சு இல்ல ரொம்ப மேல போச்சுன்னு சொல்றது, பெடலுக்கு அதே மாதிரி பி2122, பி2123, பி2127, பி2128. பி2101, பி2119 வந்தா மோட்டார் பக்கம், இசியு சொன்ன இடத்துக்கு தகடு போகலன்னு அர்த்தம். பி2111 தகடு திறந்த நிலையில மாட்டிக்கிச்சு, பி2112 மூடின நிலையில மாட்டிக்கிச்சு. பி0641 இல்ல பி0651 கூட சேர்ந்து வந்திருந்தா சென்சர்களுக்கு போற 5 வோல்ட் சப்ளையிலயே பிரச்சனை. பி2106, பி2110 மட்டும் தனியா பார்த்து பயப்படாதீங்க, நான் பவரை குறைச்சிட்டேன்னு இசியு தகவல் சொல்றது அது, காரணம் வேற கோட்ல இருக்கும். எந்த கோடா இருந்தாலும் ஒண்ணு புரிஞ்சுக்கணும், இசியுவுக்கு தன்னோட கனெக்டர் பின்னுக்கு வந்து சேர்ற வோல்டேஜ் மட்டும்தான் தெரியும். நடுவுல ஒயர் அறுந்திருக்கா, கனெக்டர் லூஸா, சென்சர் போச்சான்னு அதுக்கு தெரியாது. சம்பவம் நடந்த தெருவைத்தான் கோட் சொல்லும், வீட்டை நாமதான் தேடணும்.

அடுத்து ஒரு நோட்டு எடுத்து வண்டியில வெச்சுக்கங்க, போன்லயும் எழுதலாம். ஒவ்வொரு தடவை வரும்போதும் என்ன பண்ணிட்டிருந்தீங்க, எவ்வளவு நேரம் ஓட்டியிருந்தீங்க, மழையா வெயிலா, பள்ளத்துல இறங்குச்சா, ஹெட்லைட் போட்டிருந்தீங்களா, பிரேக் மிதிச்சீங்களா, எல்லாம். அஞ்சாறு தடவை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். மழை பெஞ்சாலோ வண்டி கழுவினாலோ மறுநாள் வருதுன்னா கனெக்டருக்குள்ள தண்ணி போகுது. மேடு பள்ளத்துல வருதுன்னா, இல்ல கிளம்பும்போதும் கியர் மாத்தும்போதும் வருதுன்னா, ஒயரோ எர்த்தோ அசையுது. நல்லா ஓட்டிட்டு பத்து நிமிஷம் நிறுத்தி திரும்ப எடுக்கும்போது வருதுன்னா சூடு, ஏன்னா என்ஜினை நிறுத்தினதும் காத்து ஓட்டம் நின்னு பானெட்டுக்குள்ள வெப்பம் இன்னும் ஏறும். பெடலை எப்பவும் ஒரே அளவுல பிடிச்சிட்டு போகும்போது, அதுவும் சமதளத்துல ஒரே வேகத்துல, அப்போ வருதுன்னா சென்சருக்குள்ள உரசுற தடம் அந்த இடத்துல தேஞ்சிருக்கு. ஸ்டார்ட் பண்ற நேரத்துல மட்டும் வருதுன்னா பேட்டரிய பாருங்க.

பேட்டரிய எப்படியும் பார்த்தே ஆகணும், இதை தாண்டிப் போய் நேரா த்ராட்டில்ல கை வைக்கிறவங்கதான் அதிகம். ராத்திரி முழுக்க நிறுத்தின வண்டியில 12.4-லிருந்து 12.7 வோல்ட் இருக்கணும், ஸ்டார்ட் பண்ற நேரம் 10-க்கு கீழ சரிஞ்சா சந்தேகப்படுங்க, ஓடும்போது பொதுவா 13.5-லிருந்து 14.7-க்குள்ள நிக்கும். அப்புறம் எர்த். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு ஒரு முனைய பேட்டரி நெகடிவ் தூண் மேலயே வைங்க, கிளாம்ப் மேல வேண்டாம், இன்னொரு முனைய என்ஜின் பிளாக்ல சுத்தமான உலோகத்துல வைங்க. ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், ஃபேன் எல்லாத்தையும் போட்டு என்ஜின் ஓடும்போது 0.1 வோல்டுக்கு மேல காட்டக்கூடாது. காட்டினா எர்த் ஸ்ட்ராப்பை கழட்டி கீழ இருக்கிற பெயிண்ட்டையும் துருவையும் சுரண்டி திரும்ப இறுக்குங்க. வெறும் ஓம்ஸ் பார்த்து நல்லா இருக்குன்னு விட்டுறாதீங்க, பத்துல ஒம்போது இழை அறுந்த ஒயர் கூட மீட்டர்ல பீப்னு சத்தம் கொடுத்து கன்டினியூட்டி காட்டும், கரண்ட் ஓடும்போது மட்டும்தான் அதோட யோக்கியதை தெரியும்.

இப்போ சென்சர் சிக்னல். சாவி ஆன், என்ஜின் ஆஃப், ஸ்கேனர்ல லைவ் டேட்டா. பெடல் சிக்னல் ரெண்டு, த்ராட்டில் சிக்னல் ரெண்டு, கூடவே இசியு கேக்குற த்ராட்டில் அளவு, இது அஞ்சையும் கிராஃபா போட்டுக்கங்க. வண்டி பழசா இருந்தா சாதாரண ஓபிடி மோட்ல இது எல்லாமே வராம போகலாம், அப்போ அந்த கம்பெனி வண்டிக்குன்னே இருக்கிற சாஃப்ட்வேர் வேணும். பெடலை பத்து பதினஞ்சு செகண்ட் எடுத்து மெதுவா மேல இருந்து கீழ வரைக்கும் மிதிங்க, அதே மெதுவா விடுங்க. கிராஃப்ல வர்ற கோடு வழவழன்னு ஏறி இறங்கணும். நடுவுல ஒரு குத்து, ஒரு பள்ளம் தெரிஞ்சா அதே இடத்துல முன்னும் பின்னுமா இன்னும் மெதுவா மிதிச்சு பாருங்க, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல குத்து விழுந்தா அது தேஞ்ச தடம், சென்சரேதான் குற்றவாளி, தைரியமா மாத்தலாம்.

ஆனா ஒரு எச்சரிக்கை. சின்ன ஸ்கேனர் ஒரு செகண்டுக்கு சில தடவைதான் டேட்டா வாங்கும், நீங்க பத்து விஷயத்தை ஒரே நேரத்துல கேட்டா இன்னும் மெதுவாயிரும். சிக்னல் அறுபடுறது சில மில்லிசெகண்ட் மட்டும்தான்னா கிராஃப்ல அது விழவே விழாது. அதனால கிராஃப் சுத்தமா இருந்தா சென்சர் நல்லா இருக்குன்னு அடிச்சு சொல்ல முடியாது. வோல்டேஜ் நொடிக்கு நொடி மாறுறதை படமா காட்டுற ஆசிலோஸ்கோப் இருந்தா மட்டும்தான் அந்த மெல்லிசான குத்து தெரியும், சின்னதா கையில பிடிக்கிற ரெண்டு சானல் ஸ்கோப் போதும், சிக்னல் ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்கணும்.

ஏன் ரெண்டையும் ஒரே நேரத்துலன்னா, இந்த முழு வேலையிலயும் ரொம்ப உபயோகமான விஷயம் அங்கதான் இருக்கு, இதை மட்டும் நிதானமா படிங்க. நிறைய த்ராட்டில் பாடியில ஒரு சிக்னல் ஏறும்போது இன்னொண்ணு இறங்கும், ரெண்டையும் கூட்டினா எப்பவும் 5 வோல்ட் பக்கத்துல வரும். உதாரணமா தகடு மூடியிருக்கும்போது ஒண்ணு 0.6, இன்னொண்ணு 4.4. கோளாறு வர்ற நேரத்துல ஒண்ணு மட்டும் எகிறி இன்னொண்ணு ஆடாம இருந்தா அந்த ஒரு தடமோ அதோட சிக்னல் ஒயரோதான். ரெண்டும் சேர்ந்து மேல ஏறினா, அதாவது 0.95-ம் 4.45-ம் மாதிரி காட்டி கூட்டுத்தொகை 5.4 வந்தா, ரெண்டு தடத்துக்கும் பொதுவா இருக்கிற சென்சர் எர்த் ஒயர்ல ரெசிஸ்டன்ஸ் வந்திருச்சு. ரெண்டும் சேர்ந்து கீழ இறங்கினா, 0.54-ம் 3.96-ம் மாதிரி கூட்டினா 4.5 வந்தா, 5 வோல்ட் சப்ளை ஒயர்ல இழப்பு. இந்த மூணு வித்தியாசத்தையும் கோட் சொல்லாது, மூணுக்குமே பி2135-னு ஒரே பேரைத்தான் போடும். பெடல் பக்கம் வேற மாதிரி, அங்க பொதுவா ஒரு சிக்னல் இன்னொண்ணுல பாதியா இருக்கும், 0.8-க்கு 0.4, 4-க்கு 2, அப்படி. அங்க கூட்டுறதுக்கு பதிலா வகுத்து பாருங்க. சில வண்டியில பெடல்ல ரெண்டு தடத்துக்கும் தனித்தனி 5 வோல்ட், தனித்தனி எர்த், மொத்தம் ஆறு ஒயர் இருக்கும், அப்போ எர்த் போனாலும் ஒண்ணு மட்டும்தான் எகிறும். உங்க வண்டியோட ஒயரிங் டயகிராம் இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க.

என் வண்டியில ரெண்டும் சேர்ந்து ஏறுச்சு. ஆனா அதை பார்க்கிறதுக்கு கோளாறை வரவழைக்கணுமே. என்ஜினை ஐடில்ல விட்டுட்டு ஒயரை கையால ஆட்டினேன், இழுத்தேன், கனெக்டரை நாலு பக்கமும் அசைச்சேன், ஒண்ணும் ஆகல. அப்போதான் ஃப்ரீஸ் ஃப்ரேம் ஞாபகம் வந்துச்சு, 9 கிலோமீட்டர் வேகம், அதிக லோடு. வண்டி கிளம்பும்போது என்ஜின் மவுண்டிங் மேல உட்கார்ந்தபடியே ஒரு பக்கமா சாயும், பழைய வண்டியில மவுண்டிங் ரப்பர் தளர்ந்து போயிருந்தா இன்னும் நல்லாவே சாயும். என்ஜினோட சேர்ந்து த்ராட்டில் பாடி அசையுது, ஆனா ஒயரிங் ஹார்னஸ், அதாவது ஒயர் கட்டு, ஒரு இடத்துல வண்டியோட பாடியில கிளிப் போட்டு இறுக்கியிருக்கு. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அந்த இடத்துல ஒயர் மடங்கி மடங்கி நிமிருது, பத்து வருஷமா. அதனால ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு கட்டை கொடுத்து, ஒருத்தரை உள்ள உட்கார வெச்சு பிரேக்கை அழுத்தி மிதிச்சுகிட்டே டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாத்தி மாத்தி போட சொன்னேன், நான் பக்கவாட்டுல நின்னு ஸ்கோப்பை பார்த்தேன், வண்டிக்கு முன்னாடி தயவு செஞ்சு நிக்காதீங்க. நாலாவது தடவை ரிவர்ஸ் போட்டப்போ ஸ்கோப்ல ரெண்டு சிக்னல் கோடும் ஒண்ணா மேல குதிச்சு இறங்குச்சு, செக் என்ஜின் லைட் பட்டுன்னு எரிஞ்சுது. எத்தனையோ வாரம் அலைக்கழிச்ச கோளாறு கண்ணு முன்னாடி வந்து நின்னப்போ அப்படி ஒரு நிம்மதி.

சாவிய எடுத்துட்டு, பேட்டரி நெகடிவை கழட்டிட்டு, கிளிப் பக்கத்துல கருப்பு டேப்பை பிரிச்சேன். ஒயர் ஆறும் பார்க்க புதுசு மாதிரி இருந்துச்சு, வெட்டு இல்ல, உரசல் இல்ல. ஒவ்வொரு ஒயரையும் ரெண்டு விரல் இடைவெளியில பிடிச்சு லேசா இழுத்து பார்த்தேன். அஞ்சு ஒயர் விறைப்பா நின்னுச்சு. எர்த் ஒயர் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டுச்சு, நடுவுல மெலிஞ்சு கழுத்து மாதிரி ஆச்சு. உள்ள செம்பு அறுந்து மேல இன்சுலேஷன் மட்டும் பிடிச்சிட்டிருந்திருக்கு, பிளேடால கீறி பார்த்தா செம்பு முனை ரெண்டும் பச்சை களிம்பு ஏறி, ஒண்ணை ஒண்ணு தொட்டும் தொடாமலும் இருந்துச்சு. கண்ணால பார்த்து மட்டும் ஒயரிங் நல்லா இருக்குன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, இழுத்து பார்க்கணும்.

அப்போ பாடி மாத்தினதும் மூணு வாரம் எப்படி ஓடுச்சு? மாத்தும்போது ஹார்னஸை ஒதுக்கி, கனெக்டரை கழட்டி மாட்டினதுல அறுந்த முனை ரெண்டும் கொஞ்ச நாள் நல்லா தொட்டுகிட்டு இருந்திருக்கு. லூஸ் காண்டாக்ட் கோளாறுல இது அடிக்கடி நடக்கும், எந்த பார்ட்டை மாத்தினாலும் கூடவே கனெக்டர் ஒரு தடவை கழட்டி மாட்டப்படுது, அதுல பின் உரசி சுத்தமாகி, பார்ட் மாத்தினதாலதான் சரியாச்சுன்னு நாம நினைச்சுக்கறோம்.

கனெக்டர் பின்னை பத்தி தனியா சொல்லணும். கழட்டினதும் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. பச்சைக் களிம்பு, ஈரம், கருப்பு பொடி, எண்ணெய் பிசுக்கு, எது இருந்தாலும் கான்டாக்ட் கிளீனர் அடிச்சு காய விடுங்க. சில வண்டியில வேற ஏதோ ஒரு சென்சர்ல இருந்து எண்ணெய் ஒயருக்குள்ளயே ஊர்ந்து வந்து இங்க நிக்கும், அதையும் கவனிங்க. அப்புறம் பிடிப்பு. அதே அளவுல ஒரு பழைய ஆண் பின்னை எடுத்து ஒவ்வொரு பெண் பின்னுக்குள்ளயும் விட்டு இழுத்து பாருங்க, லேசா இறுக்கிப் பிடிச்சு விடணும், வழுக்கிட்டு வந்தா அந்த பின் போச்சு. மல்டிமீட்டர் முனைய மட்டும் முன்பக்கமா அதுக்குள்ள குத்தாதீங்க, பின் விரிஞ்சு நீங்களே புதுசா ஒரு லூஸ் காண்டாக்ட் உண்டாக்கினதா ஆயிரும், ஒயர் நுழையற பின்பக்கத்துல இருந்து மெல்லிய ஊசி முனை விட்டுத்தான் அளக்கணும். இன்சுலேஷனை ஊசியால துளைக்கறதும் வேண்டாம், அந்த துளை வழியா தண்ணி போய் அடுத்த வருஷம் அங்க களிம்பு கட்டும்.

ஒயரை உறுதியா சோதிக்கணும்னா ரெண்டு முனையிலயும் கனெக்டரை கழட்டிட்டு, இசியு பக்கமும் சேர்த்து, அந்த ஒயர் வழியா ஒரு 5 வாட் பல்பை எரிய விடுங்க, மோட்டாருக்கு போற தடி ஒயருக்கு 21 வாட் பல்ப். பிரகாசமா எரியணும், ஹார்னஸை ஆட்டும்போது மினுக்கக்கூடாது. இசியு மாட்டியிருக்கும்போது இதை தப்பித்தவறி கூட செய்யாதீங்க, இசியு போயிரும்.

சூடானா மட்டும் வர்ற கோளாறுக்கு ஆட்டிப் பார்க்கறது உதவாது. ஹேர் டிரையரை வெச்சு த்ராட்டில் பாடியோட மூடி பக்கம், கனெக்டர், பெடல் சென்சர்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா சூடு பண்ணி சிக்னலை பாருங்க, பெயிண்ட் உரிக்கிற ஹீட் கன் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிரும். எது சூடானதும் கோளாறு வருதோ அதை குளிர வெச்சு சரியாகுதான்னும் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒத்து வந்தாத்தான் நிச்சயம்.

த்ராட்டில் பாடியே குற்றவாளியா இருக்கறதும் உண்டு, நான் ஒயரைப் பத்தியே பேசறதால அதை விட்டுறக்கூடாது. பழைய வண்டிகள்ல பொசிஷன் சென்சர் கார்பன் தடத்து மேல ஒரு மெல்லிய உலோக விரல் உரசுற வகை, அது தேயும், அதுவும் ஐடில்லயும் ஒரே வேகத்துல ஓட்டும்போதும் தகடு நிக்கிற இடத்துல அதிகமா தேயும், ஏன்னா வாழ்நாள்ல பாதி அங்கயேதான் ஆடிட்டிருக்கு. 1999 வாக்குல வந்த சில வோல்வோ மாடல்கள்ல இந்த தடம் தேய்மானம் பெரிய பிரச்சனையாகி அமெரிக்காவுல வாரண்டிய 10 வருஷம், 2,00,000 மைல் வரைக்கும் நீட்டினாங்க. பின்னாடி வந்த வண்டிகள்ல காந்தத்தை வெச்சு அளக்குற, உரசாத சென்சர் வந்துச்சு, அதுல தேய்மானம் இல்ல, ஆனா சூடு பிரச்சனை வரலாம். பெடல் பக்கமும் இப்படித்தான், டொயோட்டா வண்டிகளை நாசா ஆராய்ஞ்சப்போ (அறிக்கை 2011-ல வந்துச்சு) உரசுற வகை பெடல் சென்சருக்குள்ள முடிய விட மெல்லிசா வளர்ந்த தகர இழை ரெண்டு சிக்னலுக்கு நடுவுல பாலம் போட்டிருந்ததை கண்டுபிடிச்சாங்க. கண்ணுக்கே தெரியாத விஷயம் எல்லாம் இதுக்கு காரணமா இருக்கலாம்னு சொல்றதுக்காக சொன்னேன்.

மோட்டார் பக்கத்து கோட், அதாவது பி2101, பி2119, பி2112 மாதிரி வந்தா முதல்ல கார்பனை பாருங்க. காத்துக் குழாயை கழட்டினா தகடோட விளிம்புலயும் அது உட்கார்ற இடத்துலயும் கருப்பா பிசுபிசுன்னு படிஞ்சிருக்கும், அதுல தகடு ஒட்டிக்கிச்சுன்னா மோட்டார் திணறும். த்ராட்டில் பாடி கிளீனரை துணியில நனைச்சு துடைங்க, உள்ள பீச்சி அடிச்சா அது ஊறி மோட்டார் பக்கமும் சென்சர் பக்கமும் போகும். சாவி ஆன்ல இருக்கும்போது விரலை உள்ள விடவே விடாதீங்க, தகடு படார்னு மூடும், விரல் நசுங்கும். தகடை கையால பலமா தள்ளவும் கூடாது, உள்ள இருக்கறது பிளாஸ்டிக் பல்சக்கரம். சுத்தம் பண்ணியும் அதே கோட் வந்தா மோட்டார் பிரஷ் தேஞ்சிருக்கலாம், இசியு கேட்ட அளவுக்கும் தகடு நிக்கிற அளவுக்கும் நடுவுல இடைவெளி விழுதான்னு கிராஃப்ல பாருங்க, அப்படி விழுந்து, அதே நேரத்துல மோட்டார் ஒயர்ல சப்ளை ஒழுங்கா போயிட்டிருந்தா பாடிய மாத்தலாம்.

5 வோல்ட் சப்ளை கோட் வந்தா வேற மாதிரி தேடணும். அந்த 5 வோல்ட்டை த்ராட்டிலோட வேற சென்சர்களும் பங்கு போட்டுக்கும், ஏசி கேஸ் பிரஷர் சென்சரோ, என்ஜினுக்கு போற காத்தோட அழுத்தத்தை அளக்குற மேப் சென்சரோ உள்ளுக்குள்ள ஷார்ட் ஆனாலும் த்ராட்டில் மேல பழி விழும். டயகிராம் பார்த்து அதே சப்ளையில இருக்கிற சென்சர் ஒவ்வொண்ணா கழட்டுங்க, எதை கழட்டினதும் வோல்டேஜ் திரும்ப 5-க்கு வருதோ அதுதான். பிரேக் சுவிட்சையும் ஒரு பார்வை பாருங்க, சில வண்டியில பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே நேரத்துல மிதிச்ச மாதிரி இசியுவுக்கு தெரிஞ்சா பவரை குறைச்சிரும், சுவிட்ச் கோளாறுக்கே வண்டி இழுக்காம போகும். இசியு மேல சந்தேகம் வர்றது இது எல்லாம் முடிஞ்சப்புறம்தான்.

ரிப்பேர் பண்ணும்போது அறுந்த இடத்தை மட்டும் முறுக்கி டேப் சுத்தாதீங்க. களிம்பு ஏறின செம்பு உள்ள எவ்வளவு தூரம் கருத்திருக்குன்னு பார்த்து, பளபளன்னு சுத்தமான செம்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அதே தடிமன்ல புது ஒயர் சேர்த்து, உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்க. நல்ல கிரிம்ப் (உலோகக் குழாய்க்குள்ள ஒயரை வெச்சு நசுக்கி இணைக்கிறது) போட்டா போதும், சால்டர் வெச்சா அந்த இடம் விறைச்சு பக்கத்துலயே மறுபடி ஒடியும், அதனால அசையற பகுதியில இணைப்பே வர வேண்டாம், இணைப்பை தள்ளி வைங்க. நான் கிளிப்பையும் ரெண்டு இன்ச் நகர்த்தி ஹார்னஸுக்கு கொஞ்சம் தொய்வு விட்டேன், தளர்ந்திருந்த மவுண்டிங்கையும் மாத்தினேன், அதை விட்டிருந்தா இன்னொரு ஒயர் அறுந்திருக்கும்.

பேட்டரி கழட்டினாலோ, பாடி மாத்தினாலோ, சுத்தம் பண்ணினாலோ த்ராட்டில் லேர்னிங், அதாவது தகடு நிக்கிற இடத்தை இசியுவுக்கு மறுபடி கத்துக்கொடுக்கறது, தேவைப்படலாம். சில வண்டிக்கு சாவிய ஆன்ல அரை நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணா போதும், சிலதுக்கு ஸ்கேனர் வெச்சு செய்யணும், உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கிறபடி செய்யுங்க. இதை செய்யாம ஐடில் ஏறி இறங்குதுன்னு புது கோளாறு தேடி அலையறவங்க உண்டு.

அதுக்கப்புறம்தான் கோடை கிளியர் பண்ணணும், பண்ணிட்டு எந்த சூழ்நிலையில கோளாறு வந்துச்சோ அதே சூழ்நிலைய திரும்ப உண்டாக்கணும். சும்மா தெருவை ஒரு சுத்து சுத்திட்டு சரியாச்சுன்னு சொல்லக்கூடாது. நான் என்ஜினை நல்லா சூடாக்கி, அதே மாதிரி பிரேக்கை மிதிச்சு டிரைவும் ரிவர்ஸும் முப்பது தடவை போட்டு பார்த்தேன், கூட்டுத்தொகை 5 வோல்டை விட்டு நகரவே இல்ல. அப்புறம் மேடு ஏறி நின்னு நின்னு கிளம்பி பார்த்தேன், பக்கத்துல உட்கார்ந்தவர் ஸ்கேனரை பார்த்துகிட்டார், ஓட்டறவங்க அதை பார்க்கக்கூடாது. நோட்டுல சராசரியா எத்தனை நாளைக்கு ஒரு தடவை வந்துச்சுன்னு இருக்கும்ல, அதைப் போல மூணு மடங்கு நாள் வராம இருந்தாத்தான் நான் நோட்டை மூடுவேன். எனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை வந்துட்டிருந்தது. இப்போ பதினாலு மாசம் ஆச்சு, ஒரு பெண்டிங் கோட் கூட இல்ல, கழட்டி வெச்ச பழைய த்ராட்டில் பாடியும் நல்லாத்தான் இருக்கு, அதை சுத்தம் பண்ணி ஸ்பேரா வெச்சிருக்கேன்.